நாற்பத்திரண்டாவது கேள்வி

எங்கள் துறை அலுவலகத்தில் இரண்டு மேசைகள். ஒன்று என்னுடையது. முப்பத்தொரு வருடமாக அதில் உட்கார்ந்து, வருகிற கடிதங்களுக்கு முத்திரை குத்தி, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றுகிறேன். இன்னொன்று யாருக்கும் வேண்டாத மேசை. அதற்கு ஒரு கால் குட்டை. தற்காலிக ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகம் அறை கொடுப்பதில்லை. அதனால் வருகிறவர்களை அந்த மேசையில் உட்கார வைப்போம். ஒரு பருவம் இருப்பார்கள், மேசை ஆடுகிறது என்று என்னிடம் முனகுவார்கள், போய்விடுவார்கள்.

இந்த அம்மாள் வந்த முதல் நாளே மேசையைக் கவிழ்த்துப் போட்டார்.

"அக்கா, இதை வாங்கினப்போ யாரு செக் பண்ணி உள்ள எடுத்தாங்க?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முந்தியே இங்கதான் கிடக்கு மேடம்."

"அப்போ முப்பது வருஷமா தப்பான சாமான் உள்ள உக்காந்திருக்கு."

பையிலிருந்து டேப்பை எடுத்து நான்கு கால்களையும் அளந்தார். ஒன்று பன்னிரண்டு மில்லிமீட்டர் குறைவு. மதியம் மரப்பட்டறைக்குப் போய்ச் சரியாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் துண்டு ஒன்று அறுத்து வாங்கி வந்து ஒட்டினார். மேசை அன்றோடு ஆடுவதை நிறுத்தியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முப்பத்தொரு வருடமாக அட்டையை மடித்து மடித்து அந்தக் காலுக்குக் கீழே செருகியவள் நான்தான்.

அவர் எடுக்க வந்த பாடத்தின் பெயர் 'பொறியாளர்களுக்கான கொள்முதல்'. எங்கள் பிள்ளைகளை வேலைக்கு எடுத்த நிறுவனங்கள், இவர்களுக்குப் பாலம் கட்டத் தெரிகிறது, அதற்கு ஒரு போல்ட் வாங்கத் தெரியவில்லை என்று மூன்று வருடமாகக் கடிதம் எழுதின. அந்தக் கடிதங்களுக்கெல்லாம் நான்தான் முத்திரை குத்தினேன். கடைசியில் வேறு வழியில்லாமல் இந்தப் பாடத்தை வைத்தார்கள். பேராசிரியர்களுக்கு ஒரே சிரிப்பு. "கடைக்குப் போறதுக்கு ஒரு பாடமா? அடுத்தது என்ன, பேரம் பேசறதுக்கு டாக்டர் பட்டமா?" என்று என் அறை வாசலிலேயே நின்று பேசினார்கள். அந்த அம்மாள் காதில் விழட்டும் என்றே பேசினார்கள்.

அவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "குடுக்கலாம் சார். உங்க லேப்ல மூணு மெஷின் துணி போத்திப் படுத்திருக்கு பாருங்க. அதை வாங்கினவங்களுக்கு அந்தப் பட்டம் இருந்திருந்தா அது ஓடிட்டு இருந்திருக்கும்."

வாசல் காலியானது. எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

முதல் வகுப்பில் அவர் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "எனக்கு ஒரு வாளி வேணும். என்ன வாளின்னு எழுதிக் குடுங்க. நான் போய் வாங்கிட்டு வரேன்." நாற்பத்தொரு பேர், நான்காம் வருடம், எல்லாம் கால்குலேட்டரோடு பிறந்ததுகள். ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்கள். அடுத்த வாரம் வருகைத்தாள் கொடுக்க நான் போனபோது மேசை மேல் வாளிகள் வரிசையாக இருந்தன. 'வாளி, ஒன்று' என்று எழுதியவனுக்குக் குழந்தைகள் மணலில் விளையாடும் வாளி வந்திருந்தது. 'பத்து லிட்டர் பிளாஸ்டிக் வாளி' என்று எழுதியவளுக்குக் கைப்பிடி இல்லாமல் வந்தது. புத்திசாலித்தனமாகக் 'கைப்பிடியுடன்' என்று சேர்த்தவனுக்குக் கைப்பிடி தனியாக ஒரு பொட்டலத்தில் வந்தது.

"மேடம், இது அநியாயம்!"

"நீங்க கேட்டதுதான் வந்திருக்கு. திருப்பி அனுப்ப உங்ககிட்ட என்ன காரணம் இருக்கு?"

"நான் தரமானதுன்னு எழுதியிருந்தேனே மேடம்?" என்றாள் ஒருத்தி.

"யாரு தரம்? உன் தரமா, கடைக்காரர் தரமா? எதை அளந்து பார்த்து நீ இல்லைன்னு சொல்லுவே?"

அந்தப் பெண் தன் வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் வருகைத்தாளை மறந்துவிட்டு வாசலிலேயே நின்றேன்.

எதற்கெடுத்தாலும் மூன்று இடத்தில் விலையும் விவரமும் கேட்காமல் முடிவு செய்யாதே என்று சொல்வதால், பிள்ளைகள் அவருக்கு 'மூணு கொட்டேஷன்' என்று பெயர் வைத்தார்கள். வீட்டிலும் அதே கதைதான் என்று மதியச் சாப்பாட்டில் சொல்வார். கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு நாள் அவர் கேட்டாராம், "ஏம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி நீ மூணு மாப்பிள்ளை பார்த்தியா?" இவர் சொன்னாராம், "பார்த்தேன். மத்த ரெண்டு பேரும் டெலிவரிக்கு ஆறு மாசம் கேட்டாங்க."

அவருடைய கதை பெரிய கதை அல்ல. இயந்திரவியலில் டிப்ளமோ. இருபத்தோரு வயதில் ஒரு பம்பு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தார். மற்றவர்கள் சொல்வதைத் தட்டச்சு செய்தபோது, அதில் இருந்த ஓட்டைகள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஓட்டையைச் சுட்டிக் காட்டியதற்குத் திட்டு வாங்கியிருக்கிறார். பிறகு அந்த ஓட்டை வழியாகவே தவறான சாமான் உள்ளே வந்தபோது, திட்டியவர்களே கூப்பிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஒரு முறை ஒரு லாரி நிறைய பம்பு உடல்கள் வந்து இறங்கின. வார்ப்பு இரும்பு. சுத்தியலால் தட்டினால் நல்லது கணீரென்று ஒலிக்கும், உள்ளே விரிசல் இருந்தால் சொத்தென்று கேட்கும். இவர் ஒவ்வொன்றாகத் தட்டி, அறுபதில் இருபத்திரண்டு சொத்தை என்று ஒதுக்கினார். அனுப்பியவர் முதலாளியின் மச்சான். "மச்சான் சாமானைத் தட்டிப் பார்க்க நீ யாரு?" என்று முதலாளி வாசலுக்கே வந்துவிட்டார். இவர் சிவப்புப் பெயிண்ட் டப்பாவை எடுத்து, இருபத்திரண்டிலும் பட்டையாக ஒரு கோடு இழுத்தார்.

"ஏன் பெயிண்ட்?" என்று நான் கேட்டேன்.

"இல்லைன்னா அதே சாமான் அடுத்த வாரம் வேற சீட்டோட வேற கேட் வழியா வரும் அக்கா. சாக்பீஸ்ல போட்டா துடைச்சிடுவாங்க. வேண்டாம்னு சொல்றது பெருசில்லை. வேண்டாம்னு சொன்னது திரும்பி வராம பார்த்துக்கணும்."

பத்தொன்பது வருடம் அங்கே இருந்தார். பிறகு தொழிற்சாலையை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் இயந்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஆட்களை ஏற்றிக்கொள்ளவில்லை. நாற்பது வயதுப் பெண்ணுக்கு வேறு எந்தத் தொழிற்சாலையும் கதவைத் திறக்கவில்லை. மகள் பள்ளியின் கடைசி வருடம். ஆகவே எங்கள் பாடம்தான் அவருக்கு இருந்த ஒரே வேலை. அதையும் பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கிற கையெழுத்து துறைத்தலைவருடையது.

அந்தப் பெயிண்ட் டப்பாவைத் தொழிற்சாலையிலிருந்து கையோடு கொண்டு வந்திருந்தார். பிள்ளைகள் எழுதித் தரும் தாள் சரியில்லை என்றால் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அட்டையை மாற்றி அதையே மறுபடி கொடுக்கிற வேலை அவரிடம் நடக்காது.

மூன்றாம் மாதத்தில் அவர் வகுப்பில் ஒரு புதுப் பயிற்சி வைத்தார். நிஜமான டெண்டர் அறிவிப்புகளை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி, "இது தேவையைப் பார்த்து எழுதினதா, யாரோட கேட்டலாக்கையோ பார்த்து எழுதினதா, கண்டுபிடிங்க" என்றார். தேவையைப் பார்த்து எழுதினால் நாலு பேர் போட்டிக்கு வர முடியும். ஒரு நிறுவனம் தன் சாமான்களின் விவரத்தை அச்சடித்து வைத்திருக்கிற கேட்டலாக்கைப் பார்த்து எழுதினால் அந்த ஒரு நிறுவனம்தான் வர முடியும். பிள்ளைகள் எங்கெங்கோ போய்த் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் துறையின் அறிவிப்புப் பலகையிலேயே ஒன்று தொங்கியது.

அது சோதனைக்கூடத்துக்கு ஒரு இழுவிசை இயந்திரம் வாங்குவதற்கான அறிவிப்பு. இரும்புக் கம்பியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து, எந்தப் பலத்தில் அறுகிறது என்று காட்டுகிற இயந்திரம். பழையது இரண்டு வருடமாகப் படுத்துவிட்டது. துறைத்தலைவர் எழுதி, ஐந்து பேராசிரியர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட அறிவிப்பு. ஆறு டாக்டர் பட்டங்கள்.

பிள்ளைகள் இருபது நிமிடத்தில் கேட்டலாக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வரிக்கு வரி அப்படியே இருந்தது. இயந்திரத்தின் பீடம் கரும்பச்சையாக இருக்க வேண்டும் என்பதுகூட இருந்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்தக் கேட்டலாக், வேறொரு நாட்டுக்காக அச்சடித்தது. அங்கே மின்சாரம் நூற்றுப் பத்து வோல்ட். எங்கள் சுவரில் வருவது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 'நூற்றுப் பத்து வோல்ட்டில் இயங்க வேண்டும்' என்று எங்கள் துறை கேட்டு எழுதியிருந்தது. கேட்டபடியே வந்து, சொருகி, சுவிட்சைப் போட்டால் புகைதான் வரும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? படித்துப் பார்க்காதவர்கள் போட்ட கையெழுத்து அது.

துறைத்தலைவரைத் திருடர் என்று நான் சொல்ல மாட்டேன். பத்துப் பைசா அவர் தொட்டதில்லை. அவர் சோம்பேறி. அதைவிட மோசம், தன் சோம்பேறித்தனத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நம்புகிற சோம்பேறி.

அறிவிப்பின் கடைசி வரியில் இப்படி இருந்தது: 'இது குறித்து எவரும் குறிப்பிட்ட தேதிக்குள் எழுத்து மூலம் கேள்வி கேட்கலாம். ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்து மூலம் பதில் அளித்த பின்னரே டெண்டர் திறக்கப்படும்.' அந்த வரியும் வேறு எங்கிருந்தோ பார்த்து எழுதியதுதான். அந்த அம்மாள் அதற்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார்.

"வீட்டுப் பாடம். ஆளுக்கு ஒரு கேள்வி. ஒருத்தர் கேட்டதை இன்னொருத்தர் கேக்கக் கூடாது. கேலி, கிண்டல் கூடாது. கையெழுத்துப் போட்டு ஆபீஸ்ல குடுங்க."

வகுப்பில் எல்லாருமே குதித்தார்கள் என்று சொல்ல முடியாது. உயரமான பையன் ஒருவன், வகுப்புப் பிரதிநிதி, எழுந்து நின்றான். "மேடம், கேள்வி கேட்டா லேட் ஆகும். மெஷின் எப்படியாவது வந்தா போதும். நாங்க அடுத்த பருவத்தோட போயிடுவோம்."

"அந்தத் துணிக்குக் கீழ இருக்கற மூணு மெஷினும் எப்படியாவது வந்ததுதான்," என்றார் அவர். "லேட்டா வந்தா நீங்க ஆறு மாசம் என்னைத் திட்டுவீங்க. தப்பா வந்தா பின்னாடி வர்ற பசங்க பத்து வருஷம் உங்களைத் திட்டுவாங்க. எது வேணும்?"

அவன் உட்கார்ந்தான். அவன்தான் பிறகு கயிறு கட்டி சோதனைக்கூடத்தின் கதவு அகலத்தை அளந்தவன். இயந்திரம் கதவைவிடப் பதினெட்டு சென்டிமீட்டர் அகலம். 'இதை எந்த வழியாக உள்ளே கொண்டு வருவீர்கள்?' என்பது அவன் கேள்வி.

கடைசி நாள் மதியம் நாற்பத்தொரு கேள்விகள் என் மேசைக்கு வந்தன. நான் முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது துறைத்தலைவர் வந்தார்.

"என்னம்மா இது குவியல்?"

"கேள்வி சார். நாப்பத்தொண்ணு. இயந்திரத்தைப் பத்தி."

"யாரு கேக்கச் சொன்னது?"

"நாமதான் சார். நோட்டீஸ்ல கடைசி வரி. கீழ உங்க கையெழுத்து இருக்கு."

மேலாக நாலைந்தை எடுத்துப் படித்தார். முகம் கறுத்தது. "இதுக்கெல்லாம் நாளைக்குத் தேதி போடுங்க. டைம் முடிஞ்சு வந்ததுன்னு எடுத்து வெச்சிடலாம்."

முப்பத்தொரு வருடத்தில் அந்த முத்திரையின் தேதியை நான் ஒரு முறைகூட முன்னும் பின்னும் திருப்பியதில்லை. அது எனக்கு ஒன்றும் புரட்சி இல்லை. என்னிடம் வேறு என்ன இருக்கிறது? "முத்திரை குத்தியாச்சு சார்," என்றேன். உண்மையில் முப்பத்தேழுதான் குத்தியிருந்தேன். மிச்சம் நாலையும் அவர் கண் முன்னாலேயே குத்தினேன்.

அவர் திரும்பி எதிர் மேசையைப் பார்த்தார். "உங்க பசங்களை வாபஸ் வாங்கச் சொல்லுங்க."

"முடியாது சார். மார்க் போட்டுட்டேன்."

"நாளைக்குக் காலையில வாபஸ் கடிதம் வரலைன்னா, இதுதான் உங்களுக்குக் கடைசிப் பருவம். யோசிச்சுக்குங்க."

அந்த அம்மாளின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. குரல் மட்டும் மாறவில்லை. "யோசிச்சுட்டேன் சார். கேள்வி தப்புன்னா, எது தப்புன்னு எழுதிக் குடுங்க. நானே போய் வாபஸ் கடிதம் வாங்கிட்டு வரேன்."

அவர் போனதும் நான் படபடவென்று பொரிந்து தள்ளினேன். மகளை நினைக்க வேண்டாமா, பூனைக்கு மணி கட்ட ஊரில் வேறு ஆளே இல்லையா என்றெல்லாம் கேட்டேன். அவர் டிபன் டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார். "சாப்பிடுங்க அக்கா. மூணு கொட்டேஷன் கேக்கச் சொல்லிக் குடுத்துட்டு, ஒரு கேள்விக்குப் பயந்தா எனக்கே வெக்கமா இருக்கும்."

வோல்ட் விஷயம் துறைத்தலைவருக்கு மேலே இருக்கிற டீன் அம்மா காதுக்குப் போயிற்று. நாற்பத்தொரு கேள்விக்கும் எழுத்தில் பதில் சொல்ல முடியாமல் அறிவிப்பை ரத்து செய்தார்கள். திருத்தி எழுதிய அறிவிப்புக்கு நான்கு நிறுவனங்கள் வந்தன. துறைத்தலைவர் அதை மறக்கவில்லை. பருவம் முடிந்ததும் ஒரு வரைவை என் மேசையில் வைத்தார். 'கொள்முதல் பாடத்துக்குத் தற்காலிக ஆசிரியர் தேவை.'

தகுதிகளைப் படித்தேன். வெப்பவியலில் டாக்டர் பட்டம். நீராவிக் குழாய்களின் வெப்ப இழப்பு பற்றி மூன்று கட்டுரைகள். வயது முப்பத்தைந்துக்குள். ஒரு சாமானாவது வாங்கிப் பழக்கம் இருக்க வேண்டும் என்று தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. ஆனால் இந்த வரிகளை நான் எங்கேயோ படித்திருக்கிறேன். அலமாரியைத் திறந்தேன். துறைத்தலைவரிடம் ஆராய்ச்சி செய்த பெண்ணின் விண்ணப்பம் அங்கே இருந்தது. வரிக்கு வரி அதுவே. அந்தப் பெண்மேல் குறை இல்லை, தன்னை அளவெடுத்து ஒரு சட்டை தைக்கிறார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது.

அதை அப்படியே கிழித்துப் போடலாம் என்று இருந்தது. ஆனால் தட்டச்சு செய்வது என் வேலை. பழைய டெண்டர் அறிவிப்பையே படிவமாக வைத்து, மேலே இருந்ததை எல்லாம் மாற்றினேன். கடைசி வரியை மாற்றவில்லை. 'எவரும் குறிப்பிட்ட தேதிக்குள் எழுத்து மூலம் கேள்வி கேட்கலாம்.' கீழே போட வேண்டிய தேதியை மட்டும் சரியாகப் போட்டு நீட்டினேன். படிக்காமல் கையெழுத்துப் போடுவது அவர் பழக்கம்.

அன்று மாலை ஒரு நகலைப் பையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனேன். மாடியில் இரண்டு அறை. கணவர் டிரைவர் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மகள் தரையில் புத்தகங்களைப் பரப்பியிருந்தாள். அவர் தாளை வாங்கி நின்றபடியே படித்தார். கண் கலங்கியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை, அதனால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன்.

"என்னம்மா, வேலை போச்சா?" என்றார் கணவர்.

"போகலை. எடுத்துட்டாங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இது வேலைக்கு எழுதினது இல்லைங்க. ஒரு ஆளுக்கு எழுதினது. வாளி வேணும்னு எழுதாம, பக்கத்து வீட்டு வாளி வேணும்னு எழுதியிருக்காங்க."

"சரி, என்ன பண்ணப் போறே?"

"எனக்காக நான் எப்படிங்க கேக்கறது? கேட்டா வேலைக்கு அலையறான்னு சொல்லுவாங்க." அந்த வாய் தயங்கி நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. அறிவிப்பு பலகையில் தொங்கியது, அவ்வளவுதான். கேட்டலாக் தேடிப் பழகிய கண்களுக்கு அது போதும். ஒரு வாரத்தில், போன பருவத்துப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேரும் மறுபடி என் மேசைக்கு வந்தார்கள். இந்த முறை வீட்டுப் பாடமும் இல்லை, மார்க்கும் இல்லை. 'இந்தப் பாடம் எடுப்பவர் லாரியில் வந்த சாமானைச் சோதிக்கக் கற்றுத் தர வேண்டும். நீராவிக் குழாய் அதற்கு எப்படி உதவும்?' என்று ஒருத்தி. 'முப்பத்தாறு வயதில் கொள்முதல் மறந்துபோகுமா?' என்று ஒருவன். உயரமான பையனுடைய கேள்வி ஒரே வரி: 'இது யாருடைய கேட்டலாக்?'

எல்லாவற்றுக்கும் முத்திரை குத்தி முடித்தேன். பிறகு முத்திரையைக் கீழே வைக்க மனம் வரவில்லை. முப்பத்தொரு வருடம் ஊரார் கடிதத்துக்கெல்லாம் எண் போட்டவள், நான் எழுதிய கடிதம் ஒன்றுகூட அந்தப் பதிவேட்டில் கிடையாது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருக்கிறது. 'ஏற்கெனவே இந்தப் பாடத்தை நடத்துகிறவரின் வேலையில் என்ன குறை கண்டீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நானே முத்திரை குத்தி, நானே எண் போட்டேன். நாற்பத்திரண்டு.

துறைத்தலைவர் குவியலின் கடைசித் தாளில் என் கையெழுத்தைப் பார்த்தார். "நீங்களுமா?" என்றார். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. அலமாரி வாயைத் திறந்து பேசினால் இப்படித்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது.

"எவரும் கேட்கலாம்னு போட்டிருக்கு சார். நானும் எவரோ ஒருத்திதானே?"

விஷயம் டீன் அம்மாவிடம் போயிற்று. கோப்பை எடுத்துக்கொண்டு நானும் போனேன், அந்த அம்மாளையும் கூப்பிட்டிருந்தார்கள். டீன் அம்மா நல்லவர்தான், ஆனால் சீக்கிரம் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்கிற நல்லவர். "எதுக்கு இவ்வளவு சண்டை? விளம்பரத்தை மாத்திடலாம். பம்பு தொழிற்சாலை கொள்முதல்ல பத்தொன்பது வருஷ அனுபவம், இங்கயே ஒரு பருவம் பாடம் எடுத்திருக்கணும்னு போட்டுட்டா, உங்களைத் தவிர யாரும் வர முடியாது. சந்தோஷமா?"

எனக்கு ஒரே சந்தோஷம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

"வேண்டாம் மேடம்," என்றார் அந்த அம்மாள்.

நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். காலை நகர்த்திக்கொண்டார்.

"அது என் கேட்டலாக்கைப் பார்த்து எழுதறது. சார் பண்ணினதும் அதுதான், நீங்க பண்றதும் அதுதான். நாளைக்கு அந்த நாப்பத்தொரு பேர் முகத்தை நான் எப்படிப் பார்க்கறது? வேலைக்கு என்ன வேணுமோ அதை எழுதுங்க. பத்து வருஷம் சாமான் வாங்கியிருக்கணும். பசங்க முன்னாடி ஒரு வகுப்பு எடுத்துக் காட்டணும். யாரு வேணா வரட்டும். நானும் வரேன்."

"நீங்க தோத்துட்டா?"

"தோத்துட்டா, என்னைவிட நல்ல ஆள் வந்திருக்காருன்னு அர்த்தம்."

வெளியே வந்ததும் நான் அவரோடு பேசவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. கையில் வெண்ணெய் கிடைத்த பிறகும் நெய்க்கு அலைகிற பெண்ணோடு என்ன பேச்சு? மூன்றாம் நாள் அவரே வந்தார். "அக்கா, கோபத்துல என் டிபன் டப்பாவைத் திருப்பித் தராம வெச்சிருக்கீங்க." அப்போதும் நான் சிரிக்கவில்லை. டப்பாவை மட்டும் கொடுத்தேன்.

அவர் சொன்னபடியே மாற்றிய விளம்பரத்துக்கு, அவரையும் சேர்த்து, மூன்று பேர் வந்தார்கள். ஆமாம், சரியாக மூன்று. பிள்ளைகள் அதை வைத்து ஒரு மாதம் சிரித்தார்கள். ஒருவர் மருத்துவமனைக்குக் கருவிகள் வாங்கியவர். அவருக்குத் தொழில் தெரியும், பேச வரவில்லை. இன்னொருவர் கப்பல் கட்டும் தளத்தில் இருபத்தைந்து வருடம் இருந்தவர். அவர் வகுப்பு எடுத்தபோது பிள்ளைகள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து அவர் சொன்னதை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தது யார் என்று பார்த்தால், எங்கள் அம்மாள்.

தன் முறை வந்தபோது அவர் ஒரு அட்டைப் பெட்டியை மேசையில் கவிழ்த்தார். நூறு போல்ட், அவற்றோடு வந்த சீட்டு. "இதை உள்ள எடுக்கலாமா, வேண்டாமா? காரணம் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். நாற்பது நிமிடம் பிள்ளைகள்தான் பேசினார்கள். அளந்தார்கள், எண்ணினார்கள், தங்களுக்குள் சண்டை போட்டார்கள், கடைசியில் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அவர் எழுந்து பெயிண்ட் டப்பாவை அந்த உயரமான பையன் கையில் கொடுத்தார். இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் அவர்தான் தேர்வானார்.

நியமன ஆணை வந்த அன்று அதை என் கையால் எடுத்துக்கொண்டு எதிர் மேசைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன், இந்த முழங்காலோடு. "கையெழுத்துப் போடுங்க மேடம், உடனே போடுங்க."

அவர் பென்சிலை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நான் நின்றேன். இரண்டாம் பக்கத்தில் பென்சில் நின்றது. அவர் கை மேசை இழுப்பறைப் பக்கம் போனதைப் பார்த்து எனக்குப் பகீரென்றது.

"ஐயோ மேடம், ஆர்டர்ல பெயிண்ட் அடிச்சுடாதீங்க!"

"பெயிண்ட் இல்லை அக்கா, ரப்பர்." பென்சில் கோட்டைச் சுத்தமாக அழித்துவிட்டுத் தாளை என்னிடம் திருப்பினார். "எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும்னு போடலை. இதுல கையெழுத்துப் போட்டா, நாளைக்கே முடிஞ்சு போச்சுன்னு சொன்னாலும் நான் கேக்க முடியாது. திருத்தி வாங்கிட்டு வாங்க."

ஒரு வருடத்துக்கு முன்பு என்றால் நான் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். அன்றைக்குத் தாளை வாங்கிக்கொண்டு நேரே துறைத்தலைவர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேன், உள்ளே வரச் சொல்லும் வரைகூடக் காத்திருக்கவில்லை.

அவர் ஆணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டையும் தன் கையால் எழுதினார். பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். பிறகு, நான் வேலைக்குச் சேர்ந்து பார்த்ததிலேயே முதல் முறையாக, தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு தடவை படித்தார்.

"வேற ஏதாவது கேள்வி இருக்காம்மா?" என்றார்.

"இருந்தா எழுத்துல வரும் சார்," என்று சொல்லிவிட்டு என் முத்திரையை எடுக்கப் போனேன்.